‘கன்டெம்ப்சுவஸ்’: இகழ்பவர் யார், இகழப்படுபவர் யார்?

மொழிபெயர்ப்புப் பயிற்சிகளில் நாம் அடிக்கடி தயங்கி நிற்கும் சொற்களுள் ஒன்று ‘கன்டெம்ப்சுவஸ்’ என்னும் ஆங்கிலப் பெயரடை. மாணவர் பெரும்பாலும் அதனை ‘இகழ்ச்சியான’ என்று எழுதிவிடுகின்றனர். அதைப் பிழை என்று அடித்துவிடவும் இயலாது; சரி என்று விட்டுவிடவும் மனம் ஒப்புவதில்லை.

இச்சொல் இகழ்பவரின் மனநிலையைக் குறிப்பது. பிறரை மதிக்கத் தகாதவராகக் கருதும் ஒருவரின் பார்வைக்கும் சிரிப்புக்கும் பேச்சுக்கும் அது அடையாக வரும். சினம் அதில் இருந்தே ஆகவேண்டும் என்பதில்லை. அதே வேரினின்று பிறந்த ‘கன்டெம்ப்டிபிள்’ இகழத்தக்கதைக் குறிக்கும். 16ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் முன்னது பின்னதன் பொருளிலும் வழங்கியது. ஷேக்ஸ்பியரிடமும் அவ்வாட்சி உண்டு. இன்று அது வழக்கிழந்துவிட்டது.

தமிழிலோ ‘இகழ்ச்சியான பார்வை’ என்றால் பார்ப்பவர் இகழ்கிறார். ‘இகழ்ச்சியான செயல்’ என்றால் செய்தவரைப் பிறர் இகழ்கின்றனர். ‘ஆன’ என்பது இவ்விரண்டையும் பிரித்துக் காட்டுவதில்லை. இவ்வேறுபாடு நம் உரையாசிரியர்க்குப் புதிதன்று. தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் நகையின் நிலைக்களன்களுள் ஒன்றாகக் கூறும் எள்ளலைப் பேராசிரியர், தான் பிறரை எள்ளுவதும் பிறரால் தான் எள்ளப்படுவதும் என இருவகைப்படுத்தியுள்ளார்.

சட்டத்தமிழில் இம்மயக்கம் பொருளையே மாற்றிவிடும். 1878இல் ஓவியர் விஸ்லர், தம் ஓவியத்தைப் பழித்தெழுதிய திறனாய்வாளர் ரஸ்கின்மீது இலண்டனில் தொடுத்த அவதூறு வழக்கில் வென்றார். நடுவர் குழு அளித்த இழப்பீடோ ஒரு ஃபார்திங், அதாவது கால் பென்னி. வழக்குச் செலவையும் அவரவரே ஏற்க நேர்ந்தது. மறு ஆண்டே விஸ்லர் நொடித்துப்போனார். இத்தகைய இழப்பீட்டுக்கு ஆங்கிலச் சட்ட வழக்கில் வரும் அடை ‘கன்டெம்ப்சுவஸ்’ என்பதே. அதனை ‘இகழ்ச்சியான இழப்பீடு’ என்றால், தொகை அற்பமானது என்ற அளவிலேயே வாசகர் நின்றுவிடுவர். இகழ்ந்தது நடுவர் குழு, இகழப்பட்டது வழக்கு. ‘வழக்கை இகழ்ந்து அளித்த இழப்பீடு’ என விரித்தெழுதினால் நீளும்தான். ஆயினும் பொருள் பிறழாது.

பெயரடைக்குப் பெயரடையே வேண்டும் என்ற பிடிவாதத்தைத் தளர்த்தினால் பாதிச் சிக்கல் தீரும். ‘இகழ்ச்சியான பார்வை பார்த்தார்’ என்பதினும் ‘இகழ்ந்து நோக்கினார்’ என்பது இயல்பான தமிழ். சிரிப்புக்கு ‘ஏளனச் சிரிப்பு’ பொருந்தும். விதிகளைப் பற்றி இவ்வடை வருமிடத்தில் இகழ்ச்சி என்னும் சொல்லே வேண்டா. ‘விதிகளை மதியாதவர்’ என்பது போதும்.