மடியும் மூளையின் சுழலும்

மயிலாப்பூரின் பழைய வீடுகளில், கிணற்றடியில் நாழிகைக் கணக்காகக் கை கழுவும் பாட்டியையும், பூட்டிய கதவை இழுத்துப் பார்த்துவிட்டுத் தெருமுனை வரை சென்று மறுபடியும் திரும்பி வரும் மாமாவையும், 'மடி அதிகம்' என்றும் 'சந்தேகப் பிராணி' என்றும் சொல்லி விட்டுவிடுவது வழக்கமாயிருந்தமையால், எண்ணச் சுழற்சி நோய் என்று வைத்தியர்கள் இன்று குறிப்பிடும் வியாதி ஆசாரத்தின் போர்வைக்குள் வெகுகாலம் மறைந்தே கிடந்தது. ஆசாரம் உள்ளவருக்கு ஸ்நானம் முடிந்ததும் திருப்தி உண்டாகிறது. நோயாளிக்கோ அந்தத் திருப்தி மட்டும் வருவதில்லை.

அது மூளையில் எங்கே தடைப்படுகிறது? அடையாற்றுக்கு அருகே, ஐ.ஐ.டி. வளாகத்திலுள்ள சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம், 2024-இல் 'தரணி' என்னும் பெயரில், கருவிலிருந்த சிசுக்களின் மூளையை 5,132 நுண்சீவல்களின் படங்களாக வெளியிட்டது. உயிரணு வரை காட்டும் அரிய சாதனைதான். ஆயினும் அவை உயிர் நீத்த மூளையின் படங்கள். கவலை கொண்ட மனிதனின் மூளை கவலைப்படும்போதே என்ன செய்கிறது என்று பார்க்க வேறு யந்திரம் வேண்டும். பெட் ஸ்கேன் அத்தகையது: கதிரியக்கம் ஏற்றிய சர்க்கரையை ரத்தத்தில் செலுத்தினால், அதிகம் உழைக்கும் பாகம் அதை அதிகம் உட்கொண்டு தன்னைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது.

1987-இல் கலிபோர்னியாவில் லூயிஸ் பாக்ஸ்டரின் குழுவினர் இவ்விதம் நோக்கியபோது, கண்களுக்கு மேலே அமைந்த முன்மூளைப் பகுதியும், ஆழத்திலுள்ள காடேட் என்னும் திரளும் நோயாளிகளிடம் மிகையாக உழைப்பது தெரிந்தது. முன்மூளை 'ஏதோ தவறு' என்று அனுப்பும் கோப்பில், 'பார்த்தாயிற்று' என்று முத்திரையிட்டு மூட வேண்டிய குமாஸ்தா காடேட் எனலாம். அவர் மூடாததால் கோப்பு மூளையின் நடுவிலுள்ள தலாமஸ் என்னும் பகுதி வழியே முன்மூளைக்கே திரும்பி வந்து சுழல்கிறது. 1992-இல் அதே குழு கண்டதே என்னை வியக்கவைப்பது. மருந்து உண்டு குணமடைந்தோரிடமும், மருந்தின்றி, அழுக்கைத் தொட்டபின் கை கழுவாமல் பொறுத்திருக்கும் பயிற்சியால் குணமடைந்தோரிடமும், காடேட்டின் வலப்பாகம் ஒன்றுபோலவே அடங்கியிருந்தது!

பெங்களூரு நிம்ஹான்ஸ் உள்ளிட்ட பல நாட்டு நிறுவனங்கள் பின்னர் தம் எம்.ஆர்.ஐ. படங்களை ஒருங்கே திரட்டி ஆராய்ந்தபோது, நோயாளிகளின் கூட்டத்துக்கும் நோயற்றோரின் கூட்டத்துக்கும் இடையே தெரிந்த வேற்றுமைகள் சிறியனவாகவே இருந்தன. தனி ஒருவரின் படத்தைக் கொண்டு நோயை நிர்ணயிக்க அவை போதா. ஆகையால், 'ஸ்கேன் எடுத்தால் தெரிந்துவிடுமா, டாக்டர்?' என்று தியாகராய நகர் கிளினிக்கில் வினவுவோரிடம், நல்ல மனநல வைத்தியர் படத்தைக் கேட்பதில்லை. கை கழுவுவதிலும் பூட்டை இழுப்பதிலும் நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் போகிறதா என்றுதான் முதலில் கேட்கிறார்.