பெருந்தொற்றுக் கால நிவாரணமும் கிராமத்துப் பெயர்ப்பட்டியலும்

அனர்த்த காலத்தில் அரசு வழங்கும் உதவி மக்களைச் சென்றடைவது பணத்தின் அளவை மட்டும் பொறுத்ததன்று. அனர்த்தம் வருமுன்பே எழுதி வைக்கப்பட்ட பெயர்ப்பட்டியலையும் அது பொறுத்துள்ளது. கொவிட் 19 பெருந்தொற்று திருகோணமலை மாவட்டத்தின் கரையோர, வயலோரக் கிராமங்களுக்குக் கற்பித்த முக்கிய பாடம் இதுவே. அதனைச் சற்று விரிவாக நோக்குவோம்.

வழங்கப்பட்டவை எவை?

2020 மார்ச் 20ஆம் திகதி மாலை நாடெங்கும் ஊரடங்குச் சட்டம் அமுலுக்கு வந்தது. அன்றாடம் உழைத்து உண்போரின் வருமானம் ஒரே நாளில் நின்றது. சமுர்த்திக் குடும்பங்களுக்கு வட்டியில்லா முற்பணமாக 10,000 ரூபா வழங்கப்படும் என அரசு முதலில் அறிவித்தது. பின்னர் ஏப்ரல், மே மாதங்களில் 5,000 ரூபா வீதம் கொடுப்பனவு வழங்கப்பட்டது. சமுர்த்திக்கு விண்ணப்பித்துக் காத்திருந்தோர், முதியோர், மாற்றுத்திறனாளிகள், சிறுநீரக நோயாளர் ஆகியோரும் இதில் சேர்க்கப்பட்டனர். கிராம உத்தியோகத்தரும் சமுர்த்தி உத்தியோகத்தரும் நோய் அச்சத்தின் நடுவிலும் வீடு வீடாகச் சென்றனர். அந்தப் பணத்தினால் அடுப்பெரிந்த வீடுகள் பல என்பதை நாம் மறுப்பதற்கில்லை.

பட்டியலின் குறைபாடு

1989இல் தொடங்கிய ஜனசவிய திட்டத்தின் இடத்தில் 1995இல் சமுர்த்தி வந்தது. பெருந்தொற்றின்போது நாடளாவிய ரீதியில் ஏறத்தாழ 18 இலட்சம் குடும்பங்கள் அதன் பட்டியலில் இருந்தன. அது நெடுங்காலமாக வறுமையில் உள்ளோரை இனங்காண்பதற்கெனத் தயாரிக்கப்பட்டது. நேற்றுவரை உழைத்து, இன்று திடீரென வருமானம் இழந்தவரை அது காட்டாது.

நிலாவெளி, உப்புவெளி விடுதிகளில் வேலை செய்த இளைஞரை எடுத்துக்கொள்வோம். இங்கு உல்லாசப் பயணிகள் வரும் பருவம் ஏப்ரல் முதல் செப்டெம்பர் வரையாகும். 2019 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளால் ஒரு பருவம் வீணானது. 2020 மார்ச்சில் விமான நிலையம் பயணிகள் வருகைக்கு மூடப்பட்டதால் அடுத்த பருவமும் போயிற்று. அவ்விளைஞர் எந்த ஏழைகள் பட்டியலிலும் இருந்தவரல்லர். பெற்றோர் வீட்டிலேயே தனிக் குடித்தனம் நடத்தும் இளம் தம்பதியர் வாக்காளர் இடாப்பில் ஒரே வீட்டாராகவே தெரிவர். பருவத்திற்குக் குச்சவெளிக் கரைக்கு வந்து வாடியமைத்துத் தொழில் செய்யும் மீனவருக்கோ பதிவு சொந்த ஊரிலேயே இருக்கும். மூன்று பேர் உண்ணும் வீட்டிற்கும் எட்டுப் பேர் உண்ணும் வீட்டிற்கும் ஒரே தொகை என்பது இன்னொரு குறை.

மீனவருக்கு நேர்ந்தது

மீன்பிடியும் விவசாயமும் ஊரடங்கின்போதும் அனுமதிக்கப்பட்டன. ஆனால் கடலுக்குப் போக அனுமதி கிடைப்பதும் பிடித்த மீனுக்கு விலை கிடைப்பதும் ஒன்றல்ல. 2020 ஒக்டோபரில் பேலியகொட மத்திய மீன் சந்தையில் தொற்றுப் பரவி, அச்சந்தை மூடப்பட்டது. மீன் உண்டால் நோய் வரும் என்ற பீதி நாடெங்கும் பரவ, விலை வீழ்ந்தது. அவ்வேளையில் தனிமைப்படுத்தப்பட்ட குடும்பங்களுக்கு 10,000 ரூபா பெறுமதியான உலருணவுப் பொதி வழங்கப்பட்டது. நோயால் வீட்டில் அடைக்கப்பட்டவருக்கு அது நியாயமானதே. எனினும் நோயின்றி, தனிமைப்படுத்தலுமின்றி, மீன் விலைப்படாமல் கடனில் மூழ்கிய கரைவலைத் தொழிலாளி அத்திட்டத்தின் கண்ணில் படவேயில்லை.

2021 ஓகஸ்ட் மாதம் மீண்டும் நாடு முடக்கப்பட்டபோது, வேறு உதவி பெறாது வருமானம் இழந்தோருக்கென 2,000 ரூபா அறிவிக்கப்பட்டது. பட்டியலுக்கு வெளியேயும் வறியோர் உண்டென அரசு ஏற்றுக்கொண்டது நல்லதே. ஆயினும் முன்னைய கொடுப்பனவின் பாதிகூட அவர்களுக்குக் கிடைக்கவில்லை.

இன்றைய நிலை

2023இல் சமுர்த்திக் கொடுப்பனவுகளுக்குப் பதிலாக அஸ்வெசும வந்தது. ஒரு குடும்பத்தின் நிலையை 22 குறிகாட்டிகளைக் கொண்டு அது அளவிடுகிறது. ஆளைப் பார்த்துப் பெயர் சேர்ப்பதை இது குறைக்கும் என்பது எதிர்பார்ப்பு. ஆனால் முதற் பட்டியல் வெளியானதும் ஒன்பது இலட்சத்திற்கும் மேற்பட்ட மேன்முறையீடுகள் கிடைத்தன. வீடு, வாகனம், உபகரணம் முதலியவற்றைக் கணக்கிட்டால் உடைமை தெரியும். இம்மாதம் உலையில் அரிசி உண்டா என்பது தெரியாது. கடனுக்கு வாங்கிய வள்ளமும் எஞ்சினும் உடைமைதான். தொழில் நின்றால் அவை சோறு போடா.

அனர்த்தங்களோ காத்திருப்பதில்லை. 2025 நவம்பர் இறுதியில் வீசிய டித்வா புயலோடு வந்த வெள்ளத்தில் மாவிலாற்று அணைக்கட்டு உடைந்து, மூதூர், சேருவில பகுதிகள் நீரில் மூழ்கின. யாருக்கு எவ்வளவு இழப்பு என்ற கேள்விக்கு மீண்டும் கிராம மட்டத்திலேயே விடை தேட வேண்டியதாயிற்று.

நாம் செய்யக்கூடியது

கிராமமே தன்னைப் பற்றிய இடாப்பொன்றை வைத்திருக்க வேண்டும் என்பதே நமது கருத்து. மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம், கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கம், கமக்காரர் அமைப்பு ஆகியவை சேர்ந்தால் இது கடினமன்று. ஒரு கொப்பி போதும். ஒரே அடுப்பில் உண்போர் எத்தனை பேர்? எந்தத் தொழில்? எந்த மாதங்களில் வருமானமில்லை? வீட்டில் நோயாளர், தனித்து வாழும் முதியோர், கணவனை இழந்தோர் உளரா? எந்த அரசாங்க உதவி கிடைக்கிறது? இவ்வளவையும் எழுதி, ஆண்டுக்கு இருமுறை பொதுக்கூட்டத்தில் சரிபார்த்து, ஒரு பிரதியைக் கிராம உத்தியோகத்தரிடமும் மற்றொன்றைப் பிரதேச செயலகத்திலும் கையளிக்கலாம். கடன், நோய் போன்ற அந்தரங்க விபரங்களைக் கூட்டத்தில் வாசிக்காது தவிர்த்தல் அவசியம்.

இவ்விடாப்பு அரசின் பட்டியலுக்குப் போட்டியன்று. மேன்முறையீடு செய்பவரின் கையில் அது சான்றாகும். கிண்ணியாக் கூலித்தொழிலாளிக்கும், சல்லி மீனவருக்கும், கோமரங்கடவல சேனைப் பயிர்ச் செய்கையாளருக்கும் தேவை ஒன்றே. இன, மத வேறுபாடின்றி எல்லாச் சங்கங்களும் ஒரே படிவத்தைப் பயன்படுத்தினால், பிரதேச செயலாளரும் அதனைப் புறந்தள்ள முடியாது. மாரி மழைக்காலம் ஆண்டுதோறும் ஒக்டோபரளவில் தொடங்குகிறது. அதற்கு முந்திய மாதாந்தக் கூட்டமொன்றிலேயே இப்பணியைத் தொடங்கிவிடுவது நன்று.