தேள் கொட்டியது எங்கே?

தென்னை மரத்தில் தேள் கொட்டினால் பனை மரத்தில் நெறி கட்டுமா என்று கேலியாகக் கேட்பது நம் வழக்கம். மரத்துக்குப் பொருந்தாத இந்தச் சொலவடை மனித உடம்புக்கு அப்படியே பொருந்தும். உள்ளங்காலில் முள் தைத்துச் சீழ் பிடித்தால் தொடை இடுக்கில் நெறி கட்டுகிறது. சொத்தைப் பல் தாடைக்குக் கீழே கட்டியாகத் தெரிகிறது. தலையில் புண் வந்த குழந்தையின் பிடரியைத் தடவினால் பட்டாணி போல ஏதோ உருள்கிறது. பாட்டிமார் உப்பு ஒத்தடம் கொடுத்த அந்த நெறிதான் மருத்துவர்கள் சொல்லும் நிணநீர்க் கணு.

ரத்தக் குழாய்களிலிருந்து கசியும் நீர் திசுக்களை நனைத்துவிட்டு, மெல்லிய நிணநீர் நாளங்கள் வழியாக மீண்டும் ரத்தத்துக்கே திரும்புகிறது. நாள் ஒன்றுக்குப் பல லிட்டர். இதைத் தள்ளிவிட இதயம் போல் தனி உறுப்பு கிடையாது. நடக்கும்போது தசை அழுத்துவதும், மூச்சு ஏறி இறங்குவதும், நாளங்கள் தாமே சுருங்குவதும்தான் அதை நகர்த்துகின்றன. வழிநெடுக ஏறத்தாழ 600 கணுக்கள் இருக்கின்றன. அவரை விதை வடிவம்; பெரும்பாலானவை ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவு.

முள் தைத்த இடத்திலிருந்து கிருமியின் துணுக்குகளைச் சுமந்துகொண்டு சில செல்கள் அருகிலுள்ள கணுவுக்கு வந்து சேரும். அங்கே குவிந்திருக்கும் வெள்ளணுக்களில் அந்தக் கிருமியை அடையாளம் காணக்கூடியவை மிகச் சிலவே. அவை கண்டுகொண்ட உடனே பல்கிப் பெருகுகின்றன. கணு வீங்குகிறது, வலிக்கிறது. தொட்டால் வலிக்கும் மெத்தென்ற நெறியைக் கண்டு பயப்படத் தேவையில்லை என்று சொல்வது இதனால்தான். உள்ளே வேலை நடக்கிறது. புண் ஆறினால் நெறியும் பெரும்பாலும் வற்றிவிடும்.

வலிக்காத நெறியைப் பற்றித்தான் நாம் கவலைப்பட வேண்டும். நம் ஊரில் இந்த இடத்தில்தான் தலைகீழாக நடக்கிறது. வலித்தால் ஓடுகிறோம், வலிக்காத கட்டியை மாதக்கணக்கில் சுமக்கிறோம்.

கழுத்தில் மணி கோத்தது போல வரிசையாகக் கட்டும் நெறிகளுக்குச் சித்த மருத்துவம் வைத்த பெயர் கண்டமாலை. பெரும்பாலும் அது காசநோய். நுரையீரலுக்குப் பதிலாகக் கழுத்துக் கணுக்களில் குடியேறிய காசநோய். இங்கிலாந்தில் ஒரு காலத்தில் மன்னர் கைபட்டால் இது குணமாகும் என்று நம்பினார்கள். பின்னாளில் அகராதி தொகுத்துப் புகழ்பெற்ற சாமுவேல் ஜான்சனை, இரண்டரை வயதுக் குழந்தையாக 1712-இல் ஆன் அரசியிடம் தூக்கிச் சென்றார்கள். அரசியின் கை தொட்டும் நோய் தீரவில்லை. தழும்பு அவர் வாழ்நாள் முழுக்க இருந்தது. இன்று அதே நோய்க்கு வழக்கமாக ஆறு மாத மாத்திரை போதும். அரசு மருத்துவமனைகளில் அது இலவசம்.

யானைக்கால் நோயும் இந்த நாளங்களின் நோய்தான். கொசு மூலம் நுழையும் புழு நிணநீர் நாளத்தில் ஆண்டுக்கணக்கில் வாழ்ந்து அதைச் சிதைக்க, திரும்ப வேண்டிய நீர் காலிலேயே தேங்குகிறது.

புற்றுநோய்க்கு வருவோம். அது கணுவிலேயே பிறக்கலாம். 1832-இல் லண்டன் மருத்துவர் தாமஸ் ஹாட்கின், கணுக்களும் மண்ணீரலும் பெருத்து இறந்தவர்களைப் பற்றி எழுதினார். அவர் பெயரைத் தாங்கிய ஹாட்கின் லிம்ஃபோமா இன்று பெரும்பாலும் குணமாகக்கூடிய புற்றுநோய்களில் ஒன்று. நமக்குள்ள சிக்கல் வேறு. லிம்ஃபோமாவும் காசநோயும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும்: வலியில்லாத நெறி, காய்ச்சல், இரவு வியர்வை, எடைக் குறைவு. சோதித்து உறுதி செய்யாமல் காசநோய் மாத்திரையைத் தொடங்கி, பொன்னான மாதங்களை இழந்த லிம்ஃபோமா நோயாளிகள் இந்த நாட்டில் இருக்கிறார்கள்.

மற்ற புற்றுகள் வேறெங்கோ பிறந்து நிணநீரில் மிதந்து கணுவில் வந்து ஒதுங்குகின்றன. சொலவடையின் முழுப் பொருளும் இங்கேதான் விளங்குகிறது. இரைப்பையில் வளரும் புற்று சில வேளை முதலில் தெரியவருவது இடது காறையெலும்புக்கு மேலே, ஒரு சிறு கட்டியாக. வயிற்றின் நிணநீர் மார்பு வழியே ஏறி, இடது கழுத்தடியில்தான் ரத்தத்தில் கலக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே ஜெர்மானிய மருத்துவர் ருடால்ஃப் ஃபிர்ஹோ இதைக் கவனித்தார். இன்றும் அந்தக் கணுவுக்கு அவர் பெயர்தான்.

கணுவுக்குப் புற்று வரும் என்று தெரிந்ததும் மருத்துவம் கத்தியை எடுத்தது. அமெரிக்க அறுவை மருத்துவர் வில்லியம் ஹால்ஸ்டெட் மார்பகப் புற்றுக்கு மார்பகத்தோடு மார்புத் தசையையும் அக்குள் கணுக்கள் அனைத்தையும் அகற்றினார். பல பத்தாண்டுகள் அதுவே முறையாக இருந்தது. உயிர் பிழைத்த பெண்கள் பலருக்குக் கை வீங்கியது. வடிய வழியில்லாத நீர் அங்கே தேங்கியது. புடவை ரவிக்கைக்குள் நுழையாத கையோடு வாழ்ந்தவர்களின் துயரத்தை எந்தப் புள்ளிவிவரமும் சொல்லாது.

1990-களில் ஒரு எளிய யோசனை இதை மாற்றியது. கட்டியிருக்கும் பகுதியில் நீலச் சாயத்தையோ கதிரியக்கப் பொருளையோ செலுத்தினால், அது முதலில் போய்ச் சேரும் கணு எது என்று தெரிந்துவிடும். அதுதான் காவல் கணு. அதை மட்டும் எடுத்துப் பார்த்து, புற்று இல்லையென்றால் மற்றவற்றை விட்டுவிடலாம். டொனால்ட் மார்ட்டன் 1992-இல் தோல் புற்றிலும், அர்மாண்டோ ஜூலியானோ 1994-இல் மார்பகப் புற்றிலும் சாய முறையின் முடிவுகளை வெளியிட்டார்கள். பின்னர் இன்னொரு படி போனார்கள். சிறிய கட்டியை மட்டும் நீக்கி, கதிர்வீச்சும் பெற்ற பெண்களில், காவல் கணு ஒன்றிரண்டில் புற்று இருந்தபோதும், மற்றவற்றை அகற்றாமல் விட்டதால் ஆயுள் குறையவில்லை. பத்தாண்டுத் தொடர்கண்காணிப்பு இதை 2017-இல் உறுதி செய்தது.

ஆனால் வாய்ப்புற்றில் கழுத்துக் கணுக்களை அப்படியே விட்டுவைத்துக் காத்திருப்பது நல்லதல்ல என்பதை நிறுவியது நம் நாடு. புகையிலையும் பாக்கும் வாய்ப்புற்றை வாரி வழங்கும் நாட்டில் அந்த ஆய்வு நடந்தது பொருத்தமே. மும்பை டாடா நினைவு மருத்துவமனையில் அனில் டிகுரூஸ் குழுவினர், கழுத்தில் நெறி தட்டுப்படாத, தொடக்கநிலை வாய்ப்புற்று உள்ள 500 பேரை ஆராய்ந்து 2015-இல் முடிவை வெளியிட்டார்கள். வாய்க்கட்டியோடு கழுத்துக் கணுக்களையும் முதலிலேயே அகற்றியவர்களில் மூன்றாண்டு முடிவில் உயிரோடிருந்தவர்கள் 80 சதவீதம். நெறி கட்டிய பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டவர்களில் 67.5 சதவீதம். உலகெங்கும் வாய்ப்புற்று சிகிச்சையை இந்த எண்கள் மாற்றின.

கடைசியாக, சோதனையைப் பற்றி. ‘ஊசி போட்டால் புற்று கிளறிவிடும்’, ‘சதை டெஸ்ட் எடுத்ததும்தான் பரவியது’ என்ற பேச்சை எத்தனையோ வீடுகளில் கேட்கலாம். பரவிய பிறகு தாமதமாகச் சோதனைக்கு வருவதால் எழும் மயக்கம் அது. கணுவில் மெல்லிய ஊசியால் எடுக்கும் சோதனை பாதுகாப்பானது. காசநோயா புற்றா என்று பிரித்தறிய முதல் வழி. லிம்ஃபோமா சந்தேகம் இருந்தால் கணுவையே முழுதாக எடுத்துப் பார்க்கச் சொல்வார்கள். மறுக்காதீர்கள்.

கழுத்திலோ அக்குளிலோ தொடை இடுக்கிலோ கெட்டியான, வலியில்லாத நெறி மூன்று நான்கு வாரம் கடந்தும் கரையாமல் இருந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். காறையெலும்புக்கு மேலே என்றால் அத்தனை வாரமும் காத்திருக்காதீர்கள்.