128 கட்டைகளும் ஒரு சால்டரிங் அயர்னும்

சிந்தசைசர் என்றதும் நமக்கு ஞாபகம் வருவது கல்யாண மண்டபத்து மெல்லிசை மேடையில் இருக்கும் கீபோர்டு. ஒரு பட்டனைத் தட்டினால் வயலின், இன்னொன்றைத் தட்டினால் புல்லாங்குழல். அது எப்படி வருகிறது என்று கேட்கிறவருக்கும் தெரியாது, பெரும்பாலும் வாசிக்கிறவருக்கும் தெரியாது. தெரிய வேண்டியதில்லை என்பதுதான் அந்தப் பெட்டியின் ஏற்பாடே. திறந்தால் வாரண்டி போச்சு என்று பின்பக்கத்தில் ஒரு ஸ்டிக்கர் வேறு. அந்த ஸ்டிக்கரைக் கிழிப்பவர்கள், கிழிப்பதோடு நிற்காமல் பெட்டியையே தாங்களாகக் கட்டிக்கொள்பவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். பொழுதுபோக்கு என்று சொல்லித் தள்ளிவிடலாம்தான். ஆனால் ஒரு கருவிக்குள் எவ்வளவு இசைக் கோட்பாடு முன்கூட்டியே ஊற்றி இறுக்கப்பட்டிருக்கிறது என்பதை இவர்கள் அளவுக்கு எந்த இசை விமர்சகரும் கையால் தொட்டுப் பார்த்ததில்லை.

முதலில் மிடி. மிடி என்பது ஒலி அல்ல. இதை எத்தனை தடவை சொன்னாலும் போதாது. அந்தக் கேபிளில் போவது கட்டளை மட்டும்தான். நடு ‘ஸி’ கட்டையை அழுத்தினால் மூன்று எண்கள் புறப்படும்: 144, 60, 100. முதலாவது, ‘ஒன்றாம் சேனலில் ஒரு கட்டை அழுத்தப்பட்டது’. இரண்டாவது, எந்தக் கட்டை. மூன்றாவது, எவ்வளவு வேகமாக. நொடிக்கு 31,250 பிட் என்ற கணக்கில் இவை ஒன்றன்பின் ஒன்றாகப் போகும். ஒவ்வொரு எண்ணுக்கும் தொடக்க, முடிவுக் குறிகள் சேர்த்து 10 பிட். ஆக மூன்றும் போய்ச்சேர ஒரு மில்லிநொடிக்குச் சற்றுக் குறைவான நேரம். 31,250 என்ன கணக்கு? பத்து லட்சத்தை 32-ஆல் வகுத்துப் பாருங்கள். அன்றைய மலிவான சிப்புகளின் கடிகாரத் துடிப்பை வகுத்தால் சுலபமாகக் கிடைக்கும் எண் அது, அவ்வளவுதான்.

இதற்கு முன்னால் ஒவ்வொரு கம்பெனியின் கருவிக்கும் ஒரு தனிப் பாஷை இருந்தது. 1981-இல் அமெரிக்காவின் சீக்குவென்ஷியல் சர்க்யூட்ஸைச் சேர்ந்த டேவ் ஸ்மித் பொதுமொழி ஒன்றை முன்மொழிந்தார். ஜப்பானில் ரோலண்ட் கம்பெனியைத் தொடங்கிய இகுதாரோ ககேஹாஷி இதில் முன்னின்றார். 1983 ஜனவரியில் கலிஃபோர்னியாவில் நடந்த வணிகக் கண்காட்சியில் ஸ்மித்தின் ப்ராஃபெட்-600-ஐயும் ரோலண்டின் ஜூபிட்டர்-6-ஐயும் ஒரு கேபிளால் இணைத்தார்கள். ஒன்றில் வாசித்தால் மற்றதும் பாடியது. அதே ஆண்டு விதிமுறை வெளியானது, உரிமக் கட்டணம் எதுவுமில்லாமல். போட்டிக் கம்பெனிகள் கூடி இப்படியொன்றைப் பொதுவில் விட்டதற்குத் தர்மசிந்தனை காரணமில்லை, கருவிகள் இணைந்தால் இன்னும் நிறைய விற்கும் என்பதுதான். ஆனால் விட்டது விட்டதுதான். இன்றைக்கு யார் வேண்டுமானாலும் ஒரு எட்டு பிட் மைக்ரோகண்ட்ரோலரை வைத்து மிடி பேசும் கருவி செய்யலாம், யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. 2020-இல் மிடி 2.0 வந்துவிட்டது. இருந்தும் வீட்டு மேஜையில் கட்டுகிறவர்கள் பெரும்பாலும் 1983-ஐத்தான் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். அதை ஒரே மூச்சில் படித்துப் புரிந்துகொள்ளலாம்.

இனி, இந்தப் பொதுமொழி எதைப் பொது என்று நினைத்தது என்பதைப் பார்க்கலாம். கட்டை எண் 0-விலிருந்து 127 வரை, மொத்தம் 128. எண் 69 என்றால் 440 ஹெர்ட்ஸ். ஒவ்வொரு எண்ணுக்கும் அடுத்ததற்கும் இடையே ஒரே விகிதம். எட்டுச்சுரத்தைச் சரிசமமாகப் பன்னிரண்டாக அறுத்த ஐரோப்பியப் பியானோவின் விகிதம். இசை என்பது தொடங்கி முடியும் தனித்தனிக் கட்டைகளின் வரிசை என்பது இதன் அடிப்படை நம்பிக்கை. வீணைத் தந்தியை இழுத்து ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றின் நிழலைத் தொட்டுவிட்டு வருகிறாரே ஒருவர், அது இந்த மொழியில் ‘சுரம்’ அல்ல, சுரத்திற்கு நேர்ந்த ஒரு விலகல். அதற்கென்று தனிக் கட்டளை உண்டு, 16,384 படிகளோடு. ஆனால் அது சேனல் முழுவதையும் சேர்த்து வளைக்கும். ஒரு விரலுக்குக் கமகம் கொடுத்தால் கூட ஒலிக்கும் அத்தனை சுரமும் சேர்ந்து ஆடும்! ஒவ்வொரு சுரத்திற்கும் ஒரு சேனல் என்று பிரித்துக்கொடுத்து இதைச் சமாளிக்கும் விதி 2018-இல்தான் முறைப்படி வந்தது. முப்பத்தைந்து வருஷம்.

யாரும் சதி செய்து கமகத்தை வெளியே தள்ளவில்லை. மேசையைச் சுற்றி உட்கார்ந்தவர்கள் கீபோர்டு விற்கிறவர்கள். அவர்களுக்கு இசை என்றால் எது இயல்பாகத் தோன்றியதோ அது விதியாயிற்று. அதிகாரம் பெரும்பாலும் இப்படித்தான் வேலை செய்கிறது, தடைபோட்டு அல்ல, படிவத்தில் அந்தக் கட்டத்தையே வைக்காமல்.

நீங்களே கட்டும்போது அந்தப் படிவம் உங்கள் கைக்கு வருகிறது. 60 என்ற எண் உள்ளே வந்ததும் அதை எத்தனை ஹெர்ட்ஸாக மாற்றுவது? நிரலில் ஒரு அட்டவணை இருக்கும். கடையில் வாங்கிய பெட்டியில் அது பூட்டப்பட்டிருக்கும், அல்லது மெனுவுக்குள் மெனுவாக எங்கோ புதைந்திருக்கும். நீங்கள் கட்டியதில் அது திரையில் பளிச்சென்று நிற்கும் 128 எண்கள். பியானோவின் காந்தாரம் ஆதாரத்திலிருந்து 400 சென்ட். தம்புராவோடு இழைந்து நிற்கும் 5/4 விகித அந்தர காந்தாரம் 386 சென்ட். பதினான்கு சென்ட் வித்தியாசம். அழித்து எழுத அரை மணி நேரம் ஆகும். எழுதி முடித்து, ஸ்ருதிப் பெட்டியோடு சேர்த்து வாசித்துப் பார்த்தால் அந்த 14 சென்ட் காதுக்குத் தெரிகிறது, அதற்கப்புறம் பழையதைக் கேட்கவே கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது.

சீக்குவென்சர் விஷயமும் இதேதான். சுரங்களை வரிசையாக நினைவில் வைத்துத் தாளத்தோடு திரும்பத் திரும்ப அனுப்பும் கருவி அது. கடையில் கிடைப்பதில் பதினாறு படி இருக்கும். நாலு நாலாக எண்ணும் உலகம். நீங்களாகச் செய்ய 4017 என்ற சில்லறை விலைச் சிப் ஒன்று போதும். 555 டைமரிலிருந்து ஒவ்வொரு துடிப்பு வரும்போதும் இதன் பத்து முனைகளில் அடுத்ததில் மின்சாரம் வரும். ஒவ்வொரு முனையிலும் ஒரு வால்யூம் கண்ட்ரோல். அது அந்தப் படியின் சுரம். எட்டாவது முனையிலிருந்து ஒரு ஒயரை எடுத்து ரீசெட் முனையில் (15-வது கால்) செருகினால் ஏழோடு திரும்பிவிடும். மிஸ்ர சாபு! ஆறாவதிலிருந்து எடுத்தால் கண்ட சாபு. ஒரு ஒயர் இருக்குமிடம்தான் தாளம் என்பதை இதைவிடப் பச்சையாக எந்தப் புத்தகமும் சொல்லாது.

ரோலண்ட் டிபி-303-இன் கதையையும் இங்கே சொல்லியாக வேண்டும். தனியாகப் பழகும் கிதார்காரர்களுக்குப் பேஸ் வாசிக்கும் துணையாக 1981 வாக்கில் அதைக் கொண்டுவந்தார்கள். சத்தம் பேஸ் கிதார் மாதிரியே இல்லை. சுரத்தை ஒரு தடவை, கால அளவை இன்னொரு தடவை என்று பிரித்து ஏற்றவேண்டிய சள்ளை வேறு. 1984-இல் உற்பத்தியை நிறுத்திவிட்டார்கள். பழைய கடைகளில் மலிவாகக் கிடந்ததை எடுத்து, திருகுகளைத் தாறுமாறாகத் திருகி, சிகாகோவின் கறுப்பின இளைஞர்கள் ஃப்யூச்சர் என்ற பெயரில் 1987-இல் வெளியிட்ட இசைத்தட்டிலிருந்து ‘ஆசிட் ஹவுஸ்’ என்ற வகைமையே பிறந்தது. அதற்கு ஐந்து வருஷம் முன்னால், 1982-இல், மும்பை சினிமா வாத்தியக்காரர் சரண்ஜித் சிங் இதே 303-ஐ வைத்துப் பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் பதிவு செய்திருந்தார். அன்று யாரும் சீண்டவில்லை. 2010-இல் மறுவெளியீடு ஆனபிறகு ஐரோப்பா ஓடிவந்து ‘முதல் ஆசிட்’ என்று கொண்டாடியது. யார் முதல் என்கிற இந்தப் பந்தயம் எனக்கு அலுப்புத் தருகிறது. கம்பெனி தோல்வி என்று தூக்கிப் போட்டதை, அது எதற்காகச் செய்யப்பட்டதோ அதற்கு விரோதமாகப் பயன்படுத்தினார்கள் என்பதுதான் எனக்கு முக்கியம்.

புகழ் வந்ததும் விலை ஏறியது. சிகாகோ இளைஞர்கள் பழைய கடையில் எடுத்த பெட்டி சேகரிப்பாளர்களின் அலமாரிக்குப் போய்விட்டது. 2005-இல் அமெரிக்கப் பொறியாளர் லிமோர் ஃப்ரைட் 303-இன் சுற்றை அவிழ்த்துப் பார்த்து, தானே பற்றவைத்துக்கொள்ளும் தொகுப்பாக வெளியிட்டார். வரைபடம், நிரல் எல்லாம் பகிரங்கம். மூலக்கருவியில் இல்லாத மிடியையும் சேர்த்திருந்தார். (மூலத்தில் இருப்பது அதே ஐந்து முனைச் சாக்கெட்தான், ஆனால் பேசுவது மிடி அல்ல. பலர் இதில் ஏமாந்திருக்கிறார்கள்.) பாரிஸில் எமிலி ஜில்லே 2010 வாக்கில் ‘ஸ்ருதி-1’ என்று நமக்குப் பழக்கமான பெயரில் ஒரு சிந்தசைசர் செய்தார். எட்டு பிட் மைக்ரோகண்ட்ரோலரில் ஒலி பிறக்கும், அனலாக் ஃபில்டரில் அது வடிகட்டப்படும். அவரும் எல்லாவற்றையும் திறந்தே வைத்தார். அவருடைய நிறுவனம் 2022-இல் மூடப்பட்டது; கருவிகள் சாகவில்லை, இன்றும் யாராவது பலகை அச்சடித்துக் கட்டுகிறார்கள். திறந்ததை எடுத்து நகல் செய்து காசு பார்த்தவர்களும் உண்டு. ஜெர்மனியின் தோர்ஸ்டன் க்ளோசே இதைத் தவிர்க்கவே தன் ‘மிடிபாக்ஸ்’ திட்டத்தை வணிக நோக்கமற்ற சொந்த உபயோகத்திற்கு மட்டும் என்று வரையறுத்தார். இரண்டில் எது சரி? என் சாய்வு ஜில்லேயின் பக்கம். பூட்டிப் பாதுகாப்பது நல்ல காரணத்திற்காக இருந்தாலும் பூட்டு பூட்டுதான்.

ழாக் அத்தாலி 1977-இல் இரைச்சல் பற்றி எழுதிய புத்தகத்தில், பிரதி எடுத்து விற்கும் இசைக்குப் பிறகு ஒவ்வொருவரும் தன் சந்தோஷத்துக்காகத் தானே இசையையும் கருவியையும் செய்துகொள்ளும் கட்டம் வரும் என்றார். இந்த மேஜைகளைப் பார்த்தால் அவர் நினைவு வராமல் இருக்காது. ஆனால் ‘தானே செய்வது’ என்ற சொல்லில் ஒரு பொய்யும் இருக்கிறது. 4017-ஐ நான் செய்யவில்லை. சிப்புகளைக் கோத்தது யாருடைய கண், யாருடைய விரல்? மலேசியாவின் ஜப்பானிய எலெக்ட்ரானிக்ஸ் ஆலைகளில் வேலைபார்த்த மலாய் கிராமத்துப் பெண்களைப் பற்றி ஐவா ஓங் 1987-இல் எழுதினார். மைக்ராஸ்கோப்பில் மணிக்கணக்காகக் குனிந்திருந்த பெண்கள் மீது திடீரென்று பேய் வந்திறங்கும், ஆலை ஸ்தம்பிக்கும். நிர்வாகம் அதை ஹிஸ்டீரியா என்றது. ஓங் அதில் எதிர்ப்பைப் படித்தார். வாரண்டி ஸ்டிக்கரைக் கிழித்தவனுக்கு இந்தப் பெண்கள் கண்ணில் படவேண்டும். சுற்று வரைபடத்தில் அவர்களுக்குக் குறியீடு கிடையாது.

செய்து பார்க்க நினைக்கும் தோழர்களுக்கு ஒன்று. மிடி உள்வாங்கும் பகுதியில் ஒரு ஆப்டோகப்ளர் வைக்க வேண்டும். வரும் மின்சாரம் உள்ளே ஒரு எல்இடியை எரிக்கும், எதிரே உள்ள ஒளியுணரி அதைப் பார்க்கும். இரண்டு கருவிகளுக்கும் இடையே மின்தொடர்பு கிடையாது, வெளிச்சம் மட்டும். மைதான இரைச்சல் மாதிரி வரும் ஹம் இதனால் நிற்கும். முதல் தடவை இணைக்கும்போது அநேகமாக எதுவும் நடக்காது. எனக்கு இரண்டு ராத்திரி போயிற்று. சாக்கெட்டின் முனைகள் 1, 2, 3 என்று வரிசையாக இல்லை, 1, 4, 2, 5, 3 என்று இருக்கும். பற்றவைக்கும் பக்கம் திருப்பினால் அதுவும் தலைகீழ். 4-ஐயும் 5-ஐயும் மாற்றிப் போட்டிருப்பீர்கள். பயப்பட வேண்டாம், குறுக்கே 1என்4148 டயோடு போட்டிருந்தால் ஒன்றும் எரியாது. மாற்றிப் பற்றவைத்துவிட்டு ஒரு கட்டையை அழுத்திப் பாருங்கள்.