வீட்டில் இருந்துகொண்டே சங்கை எடுத்தவர்



அண்ணல் அம்பேத்கரின் நினைவு நாளில் மணியாச்சியில் கூடியிருக்கிறோம். அவரைப் போற்றும் உரைகளுக்குக் குறைவில்லை. அவர் பெயரால் அரசியல் செய்கிறவர்கள் தினமும் சந்திக்கும் ஒரு சிக்கலை விளக்க இந்த நேரத்தைப் பயன்படுத்திக்கொள்கிறோம்.

ஒட்டப்பிடாரம் தனித்தொகுதியில் தேர்தல் நெருங்கும்போதெல்லாம் நம் இளைஞர்கள் கேட்கும் கேள்வி இது. கட்சி நம் குரலைக் கேட்கவில்லை என்றால் வெளியேறிச் சுயேச்சையாக நிற்கலாமா? இதற்கு இரண்டு பதில்கள் தயாராக இருக்கின்றன. ஒரு தரப்பு அதைத் துரோகம் என்கிறது. மறு தரப்பு தன்மானம் என்கிறது. இரண்டுமே உணர்ச்சியின் பதில்கள். எந்தச் சட்டத்தின் கீழ் நிற்கிறோம், யாருக்காக நிற்கிறோம், கிடைத்த வாக்கு மறுநாள் யாரிடம் இருக்கும் என்ற கணக்கை இரண்டுமே போடுவதில்லை.

அந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க நமக்குப் பக்கத்திலேயே ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. மணியாச்சியில் பிரிந்து தூத்துக்குடிக்குப் போகும் தண்டவாளம், 1914இல் தனுஷ்கோடி–தலைமன்னார் வழி திறக்கும்வரை, சென்னையிலிருந்து கொழும்புக்குப் போகிறவர்களின் பாதையாக இருந்தது. தென்மாவட்டங்களின் வறண்ட நிலத்திலிருந்து இலங்கைத் தோட்டங்களுக்குக் கூலிகளாகப் போனவர்களில் நம் மக்கள் ஏராளம். ஆகவே இலங்கைத் தமிழர் அரசியல் நமக்கு அந்நியமானதல்ல.

2024 செப்டம்பர் 21 அன்று இலங்கையில் குடியரசுத் தலைவர் தேர்தல் நடந்தது. அங்கே அதை ஜனாதிபதித் தேர்தல் என்பார்கள். அதில் தமிழ் மக்களின் பொது வேட்பாளராக நின்றவர் பா. அரியநேத்திரன். மட்டக்களப்பின் முன்னாள் நாடாளுமன்ற உறுப்பினர், இலங்கைத் தமிழரசுக் கட்சிக்காரர். அந்தக் கட்சியின் சின்னம் வீடு. ஆனால் அவர் சங்குச் சின்னத்தில் சுயேச்சையாக நின்றார். சிவில் அமைப்புகள் சேர்ந்த தமிழ் மக்கள் பொதுச்சபையும் சில தமிழ்க் கட்சிகளும் அவரை நிறுத்தின. அவருடைய சொந்தக் கட்சியோ செப்டம்பர் 1 அன்று வவுனியாவில் கூடி, சஜித் பிரேமதாசாவை ஆதரிப்பதாக அறிவித்தது. அரியநேத்திரன் போட்டியிலிருந்து விலக வேண்டும் என்றும் சொன்னது. அவர் விலகவில்லை. கட்சிக்குள்ளும் ஒருமித்த கருத்தில்லை. நாடாளுமன்ற உறுப்பினர் சிறீதரன் வெளிப்படையாகவே அவரை ஆதரித்தார். வேறொரு தமிழ்த் தரப்பு தேர்தலையே புறக்கணிக்கச் சொன்னது.

இந்த இடத்தில் ஒரு வரலாற்றை நினைவுபடுத்த வேண்டும். தமிழரசுக் கட்சியே ஒரு வெளியேற்றத்தில் பிறந்த கட்சி. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் மலையகத் தோட்டத் தொழிலாளர்களை நாடற்றவர்களாக்கியது. தமிழ்க் காங்கிரசின் தலைவர் ஜி.ஜி. பொன்னம்பலம் அரசில் அமைச்சரானார். அதை ஏற்காத செல்வநாயகம் வெளியேறி, 1949 டிசம்பரில் புதிய கட்சியைத் தொடங்கினார். அன்று வெளியேறியவர்களின் வாரிசுகள் இன்று வெளியே நிற்பவரை ஒழுங்கு மீறியவர் என்கிறார்கள். எந்தக் கட்சிக்கும் இது நேரும். ஆகவே துரோகம் என்ற சொல்லைத் தள்ளி வைத்துவிட்டு, மூன்று கேள்விகளைக் கேட்போம்.

முதல் கேள்வி: சட்டம் எவ்வளவு இடம் தருகிறது?

இலங்கையில் யார் வேண்டுமானாலும் சுயேச்சையாக ஜனாதிபதி வேட்பாளர் ஆகிவிட முடியாது. அங்கீகரிக்கப்பட்ட கட்சி நிறுத்த வேண்டும். இல்லையென்றால் நிற்பவர் நாடாளுமன்ற உறுப்பினராக இருக்க வேண்டும், அல்லது முன்பு இருந்திருக்க வேண்டும். கட்சி வேட்பாளருக்குக் கட்டுப்பணம் 50,000 ரூபாய், சுயேச்சைக்கு 75,000 ரூபாய். ஒரு முன்னாள் உறுப்பினரைத் தேடி நிறுத்தியதற்கு இந்த விதியும் ஒரு காரணம்.

ஆனால் அதே சட்டம் இன்னொரு கதவைத் திறந்து வைத்திருக்கிறது. வாக்காளர் 1, 2, 3 என்று மூன்று விருப்பங்களைக் குறிக்கலாம். எவருக்கும் பாதிக்கு மேல் கிடைக்காவிட்டால் முதல் இருவரைத் தவிர மற்றவர்கள் நீக்கப்படுவார்கள். அவர்களுடைய வாக்குச்சீட்டுகளில் அந்த இருவருக்கு இருக்கும் அடுத்த விருப்பம் எண்ணப்படும். 2024இல்தான் முதல்முறையாக அப்படி எண்ண வேண்டியிருந்தது. அநுர குமார திசாநாயக்க முதல் சுற்றில் 42.31 விழுக்காடு மட்டுமே பெற்றிருந்தார். ஆகவே சங்குக்கு 1 போட்டவர் தனக்குப் பிடித்த இன்னொருவருக்கு 2 போட்டிருந்தால் அவருடைய வாக்கு வீணாகாது. தன் அடையாளத்தையும் சொல்லலாம், ஆட்சியாளரைத் தேர்வதிலும் பங்கு பெறலாம்.

நம் நாட்டில் குடியரசுத் தலைவரை நாடாளுமன்ற, சட்டமன்ற உறுப்பினர்கள்தாம் தேர்கிறார்கள். விருப்ப வாக்கு இங்கும் உண்டு. 1969இல் வி.வி. கிரி சுயேச்சையாக நின்று, இரண்டாம் விருப்பங்களை எண்ணிய பிறகுதான் வென்றார். ஆனால் அவர் பின்னால் பிரதமர் இந்திரா காந்தி நின்றார் என்பதை மறக்கக் கூடாது. அதற்கு முன் 1967இல் 17 பேர் நின்றார்கள், 9 பேருக்கு ஒரு வாக்குகூட இல்லை. இதைக் காரணம் காட்டி 1974இல் பத்து முன்மொழிபவர், பத்து வழிமொழிபவர் வேண்டும் என்று சட்டம் வந்தது. 1997இல் அது ஐம்பது ஐம்பது ஆனது. வைப்புத்தொகை 15,000 ரூபாயானது. கேலிக்கு நிற்பவரைத் தடுக்கப் போட்ட வேலி, கொள்கைக்கு நிற்கும் சிறியவரையும் சேர்த்தே தடுக்கிறது.

நம் சட்டமன்றத் தொகுதியிலோ இரண்டாம் விருப்பமே கிடையாது. ஒரு வாக்கு அதிகம் பெற்றவர் வெல்வார், ஆறில் ஒரு பங்கு பெறாதவர் வைப்புத்தொகையை இழப்பார். இலங்கைச் சுயேச்சையைப் பார்த்து ஒட்டப்பிடாரத்தில் அப்படியே செய்ய முடியாததற்கு இதுவே காரணம்.

இரண்டாம் கேள்வி: நிற்பவர் பின்னால் நிற்பது யார்?

அரியநேத்திரனுக்கு முன்பே எம்.கே. சிவாஜிலிங்கம் இருமுறை இப்படி நின்றவர். 2010இல் அவர் நாடாளுமன்ற உறுப்பினர். தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு சரத் பொன்சேகாவை ஆதரித்தபோது அவர் சுயேச்சையாக நின்று 9,662 வாக்குகள் பெற்றார். 2019இல் மீண்டும் நின்று 12,256 வாக்குகள் பெற்றார். இரண்டுமே 0.09 விழுக்காடு. 2024இல் அரியநேத்திரன் பெற்றது 2,26,343 வாக்குகள், 1.70 விழுக்காடு. நாட்டளவில் ஐந்தாம் இடம், யாழ்ப்பாண மாவட்டத்தில் இரண்டாம் இடம்.

ஏன் இந்த வேறுபாடு? சிவாஜிலிங்கம் துணிச்சலில் குறைந்தவர் அல்லர். ஆனால் அவர் கட்சியின் முடிவை மறுத்த தனிமனிதராக நின்றார். அரியநேத்திரன், மக்களிடம் பேசி வந்த ஓர் அமைப்பின் பெயரால் நின்றார். ‘நான் வெல்வதற்காக நிற்கவில்லை, நீங்கள் எத்தனை பேர் என்று காட்டவே நிற்கிறேன்’ என்ற நிலை மக்களுக்குப் புரிந்தது. அதற்கும் எல்லை இருந்தது. அவருடைய சொந்த மட்டக்களப்பு மாவட்டத்தில் முதல் மூன்று இடங்களில்கூட அவர் இல்லை. வடக்கில் ஒலித்த சங்கு கிழக்கில் அந்த அளவுக்கு ஒலிக்கவில்லை.

நம் மண்ணிலும் இதற்குச் சான்று உண்டு. கிராம ஊராட்சித் தேர்தலில் கட்சிச் சின்னம் கிடையாது. தலைவருக்கு நிற்கும் எல்லோரும் சட்டப்படி சுயேச்சைகள்தாம். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலத்தில் தலைவர் பதவி தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்ட பிறகு, 1996 முதல் 2006 வரை ஒன்று தேர்தலே நடக்கவிடவில்லை, அல்லது சாதியினர் கைகாட்டிய தலித் ஒருவர் வென்ற கையோடு பதவி விலகினார். அவர் கையிலும் சுயேச்சைச் சின்னம்தான் இருந்தது. சின்னம் சுயேச்சையாக இருப்பதால் மனிதர் சுதந்திரமானவர் ஆகிவிடுவதில்லை. அவர் யாருக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர் என்பதே அவருடைய சுதந்திரத்தின் அளவு.

மூன்றாம் கேள்வி: எண்ணிக்கை முடிந்த மறுநாள் அந்த வாக்குகள் யாரிடம் இருக்கின்றன?

இலங்கை தரும் கடுமையான பாடம் இங்கேதான் இருக்கிறது. 2024 நவம்பர் 14 நாடாளுமன்றத் தேர்தலில் பொதுச்சபை போட்டியிடவில்லை. சங்குச் சின்னத்தை ஜனநாயகத் தமிழ்த் தேசியக் கூட்டணி எடுத்துக்கொண்டது. அது மக்கள் திரண்ட சின்னம், கட்சிகளின் தேர்தல் முதலீடு அல்ல என்ற எதிர்ப்பு எழுந்தது. ஆனாலும் சின்னம் போனது போனதுதான். அந்தக் கூட்டணிக்குக் கிடைத்தது ஒரே ஓர் இடம். யாழ்ப்பாண மாவட்டத்தின் ஆறு இடங்களில் மூன்றை அநுரவின் தேசிய மக்கள் சக்தி வென்றது. ஏழு வாரங்களுக்கு முன் சங்குக்கு விழுந்த வாக்குகளை வைத்துக் காக்க அமைப்பு இல்லை. அதே தேர்தலில், அதே மாவட்டத்தில் ஒரு சுயேச்சைக் குழு ஓர் இடத்தை வென்றது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். விகிதாசார முறை சுயேச்சைக்கு இடம் தருகிறது. ஆனால் சின்னத்தின் மீதிருந்த நம்பிக்கை தானாக இன்னொருவருக்கு மாறிவிடாது.

நம் பக்கம் திரும்புவோம். 2001இல் தொல். திருமாவளவன் மங்களூர் தொகுதியில் உதயசூரியன் சின்னத்தில் வென்றார். சின்னம் தி.மு.க.வுடையது என்பதால் சட்டத்தின் கண்ணில் அவர் அந்தக் கட்சியின் உறுப்பினர். 2004இல் தனிவழி தேட வேண்டியிருந்தபோது சட்டமன்ற உறுப்பினர் பதவியையே விட்டு விலக வேண்டியிருந்தது. 2019இல் அவர் சிதம்பரத்தில் பானைச் சின்னத்தில் நின்று 3,219 வாக்கு வித்தியாசத்தில் வென்றார். அதே தேர்தலில் தோழர் ரவிக்குமார் விழுப்புரத்தில் உதயசூரியனில் நின்று வென்றார். 2024இல் இருவரும் பானையில் நின்று வென்றார்கள். விடுதலைச் சிறுத்தைகள் மாநிலக் கட்சியாக அங்கீகாரம் பெற்றது. 2001இலிருந்து 2024 வரை நடந்த பயணத்தைச் சொந்தச் சின்னத்தை அடைவதற்கான பயணம் என்றும் சொல்லலாம். கூட்டணியை விட்டு ஓடாமலும் அதில் கரைந்துபோகாமலும் இருப்பதற்கு இருபது ஆண்டுகளுக்கு மேல் தேவைப்பட்டிருக்கிறது.

அண்ணலின் அனுபவமும் இதுதான். 1951இல் அமைச்சர் பதவியை விட்டு வெளியே வந்த அவர், 1952இல் பம்பாய் வடக்குத் தொகுதியில் பட்டியல் சாதியினர் கூட்டமைப்பின் வேட்பாளராக நின்றார். காங்கிரஸ் நிறுத்திய இன்னொரு தலித்திடம் சுமார் 14,500 வாக்குகளில் தோற்றார். 1954இல் பண்டாரா இடைத்தேர்தலிலும் தோற்றார். 1932 பூனா ஒப்பந்தம் தந்த தனித்தொகுதியில் நம் பிரதிநிதியைப் பிறரும் சேர்ந்து தேர்கிறார்கள். ஆகவே நமக்காகப் பேசுபவரைவிடப் பிறருக்குத் தொந்தரவில்லாதவர் எளிதில் வெல்கிறார். அந்தத் தோல்விகளுக்குப் பிறகு அண்ணல் சுயேச்சை அரசியலுக்குத் திரும்பவில்லை. கூட்டமைப்பைக் கடந்த ஒரு பரந்த கட்சியைத் திட்டமிட்டார். 1957இல், அவர் மறைவுக்குப் பிறகு, இந்தியக் குடியரசுக் கட்சி தொடங்கப்பட்டது.

தலித்துகளாகிய நமக்கு மட்டும் உரிய நான்காவது கேள்வி ஒன்று உண்டு. ‘பொது வேட்பாளர்’ என்ற சொல்லில் பொது என்பது யார்? யாழ்ப்பாணத்தில் ஆலய நுழைவுக்காக 1960களில் தீண்டாமை ஒழிப்பு வெகுசன இயக்கம் போராடியபோது, மாவிட்டபுரம் கோவில் வாசலில் தடுத்து நின்றவர்களும் தமிழர்களே. கே. டானியல் எழுதிய ‘பஞ்சமர்’ அந்தக் காலத்தின் இலக்கியச் சாட்சி. தமிழர் ஒற்றுமை என்று அழைக்கும்போது, அந்த ஒற்றுமைக்குள் சாதி ஒழிப்பு எழுத்தில் இருக்கிறதா என்று கேட்க நமக்கு உரிமை உண்டு. அங்கே ஒரு தேசிய இனம் தன் எண்ணிக்கையைக் காட்டியது சரியே. அந்த எண்ணிக்கைக்குள் ஒடுக்கப்பட்டவர்களும் மலையகத்தாரும் எங்கே இருக்கிறார்கள் என்று கேட்பதும் அதே அளவுக்குச் சரியே.

ஆகவே நம் இளைஞர்களுக்கு, ‘வெளியேறாதே’ என்றோ ‘வெளியேறு’ என்றோ நாம் சொல்லவில்லை. வேட்புமனு வாங்கும் முன் நான்கு பதில்களைத் தாளில் எழுதுங்கள். இந்தத் தேர்தல் முறையில் நம் வாக்கு யாரைத் தோற்கடிக்கும், யாரை வெல்லவைக்கும்? நிற்பவர் எந்த அமைப்புக்குப் பதில் சொல்வார்? சாவடிவாரியாக விழுந்த வாக்குகளின் கணக்கை மறுநாள் யார் வைத்திருப்பார்கள், அடுத்த உள்ளாட்சித் தேர்தலில் அதை எப்படிப் பயன்படுத்துவார்கள்? நம் கோரிக்கைகளில் பஞ்சமி நிலமும் சுடுகாட்டுப் பாதையும் பெண்களின் கூலியும் எழுத்தில் இருக்கின்றனவா?

நான்குக்கும் பதில் இருந்தால், தோற்கும் வேட்பாளர்கூட மக்களை எண்ணிக் காட்டிய வேட்பாளர். பதில் இல்லையென்றால், வென்றாலும் அது ஒருவருடைய பதவி, அவ்வளவுதான். சங்கை யாரும் எடுத்து ஊதலாம். அந்த ஓசைக்குக் கூடியவர்களை அடுத்த நாளும் கூட்டி வைத்திருப்பதுதான் அரசியல்.