மெல்முனையமும் சுருங்கிய பணிசெயல் முறைமையும்

திரையும் விசைப்பலகையும் சிறிதும் பழுதுறாத கணினிகள், பழையன என்னும் ஒரே குற்றத்துக்காகப் பாடசாலைக் களஞ்சிய அறைகளிலே தூசி படிந்து கிடத்தலை இக்காலத்திற் காண்கின்றோம். 2025 ஆம் ஆண்டு ஒக்ரோபர் 14 ஆம் நாளுடன் விண்டோஸ் 10 என்னும் பணிசெயல் முறைமைக்குரிய வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்கள் முடிவுற்றன. அதன் வழிவந்த விண்டோஸ் 11 ஓ, குறைந்தது 4 கிகாபைற்று நினைவகமும் 64 கிகாபைற்றுச் சேமிப்பிடமும் புதுவகைப் பாதுகாப்புச் சில்லும் வேண்டி நிற்கின்றது. இவை இல்லாத கணினி இனி ஒன்றுக்கும் உதவாதென்று பலர் துணிந்துவிடுகின்றனர். அத்துணிபு பொருந்துமா என்பதை ஈண்டு ஆராய்வாம்.

கணினியின் வன்பொருளுக்கும் நாம் கையாளும் செயலிகளுக்கும் இடைநின்று இரண்டையும் இசைவிக்கும் மென்பொருளே பணிசெயல் முறைமையாகும். பொதுநோக்குக்கென ஆக்கப்பட்ட முறைமை, யார் எதனை வேண்டுவாரென அறியாமையால், எல்லார்க்கும் வேண்டிய எல்லாவற்றையும் தன்னகத்தே சுமந்து நிற்கும். ஆனால், ஒரு தொழிலை மாத்திரம் செய்யும் கருவிக்கு இத்துணைச் சுமை எற்றுக்கு?

அத்தகைய கருவிகளுள் ஒன்றே மெல்முனையம். கணித்தலும் சேமித்தலுமாகிய பெரும்பணிகளைச் சேவையகம் என்னும் தலைமைக் கணினி செய்யும். முனையமோ, நாம் அழுத்தும் விசைகளை அதற்கு அனுப்பி, அது தரும் காட்சியைத் திரையிற் காட்டும், அவ்வளவே. இக்கருத்துப் புதியதன்று. ஒரு கணினியைப் பலர் ஒரே வேளையிற் பகிர்ந்து பயன்படுத்தலாம் என்பதை 1961 ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவின் மசாசூசெற்ஸ் தொழினுட்ப நிறுவகத்திற் கோர்பற்றோ என்பாரும் அவர்தம் துணைவரும் செய்து காட்டினர். பிரான்சு நாட்டில் 1982 முதல் 2012 வரை வழங்கிய மினிற்றெல் முனையங்களும், தம்மளவில் மிகச் சிறிய கருவிகளாயிருந்தே, தொலைபேசி வழியாக வீடுதோறும் தகவல் வழங்கின.

இத்தகைய முனையத்துக்கு வேண்டாத உறுப்புகளைக் களைந்து வேண்டியவற்றை மாத்திரம் கொண்டதே சுருங்கிய, உட்பொதிந்த பணிசெயல் முறைமை. 2001 இல் வெளிவந்த விண்டோஸ் எக்ஸ்பி எம்பெடட் பதினாயிரத்துக்கு மேற்பட்ட கூறுகளாகப் பகுக்கப்பட்டிருந்தது. கருவியை ஆக்குவோர் தமக்கு ஏற்றவற்றைத் தெரிந்து கோத்துக்கொண்டனர். லினக்ஸ் வகையைச் சேர்ந்த ரைனி கோர் என்பதன் சிறு பதிப்பு ஏறக்குறைய 20 மெகாபைற்று அளவினதே. மேற்கூறிய 64 கிகாபைற்றோடு இதனை ஒப்பிடுக.

இதனால் விளையும் நன்மைகள் பல. அவற்றுள் முதலாவது, பழைய வன்பொருள் மீண்டும் பயன்படுதல். 1999 இல் மக்குயிலன் என்பார் தொடங்கிய லினக்ஸ் முனையச் சேவையகத் திட்டத்தில், முனையத்துக்கு வன்தட்டுக்கூட வேண்டியதில்லை. மின்னை ஏற்றியதும் அது வலையமைப்பு வழியே சேவையகத்தை நாடித் தன் முறைமையைப் பெற்றுக்கொள்ளும்.

இரண்டாவது பாதுகாப்பு. 2017 ஆம் ஆண்டு மே மாதத்தில் வனாகிரை என்னும் தீநிரல் பல நாடுகளிற் பரவி, பிரித்தானிய மருத்துவமனைகளையும் நிலைகுலையச் செய்தது. அது நுழைந்த வாயில், கோப்புகளைப் பகிர்தற்கு முன்னாளில் அமைந்த பழைய நெறிமுறையொன்றாகும். அதனை ஒருபோதும் பயன்படுத்தாத கணினிகளிலும் அது திறந்தே கிடந்தது. இல்லாத வாயிலாற் கள்வன் புகான். வேண்டாததை நீக்குதல் காவலின் ஒரு கூறென்பது இதனாற் பெறப்படும்.

மூன்றாவது, எழுத்துத் தடுப்பு என்னும் ஏற்பாடு. இதன்படி, பயன்படுத்துவோர் செய்யும் மாற்றங்கள் யாவும் தற்காலிக நினைவகத்திலே தங்கும். கணினியை நிறுத்தி மீளத் தொடக்கினால் முன்னை நிலை அப்படியே திரும்பும். மாணவனொருவன் கொணர்ந்த பேனாச் சேமிப்பியால் கணினி அறை முழுவதும் தீநிரல் பரவ, ஒவ்வொன்றாகத் துடைத்து மீள நிறுவுவதில் விடுமுறை நாள்களைக் கழித்த ஆசிரியர்களுள் யானும் ஒருவன். இவ்வேற்பாட்டின் அருமை எம்மனோர்க்கு நன்கு விளங்கும். எனினும் தீநிரல் புகுந்த வழி தானாக அடைபடாது. முறைமையைக் காலந்தோறும் திருத்துதல் இன்றியமையாதது. அத்திருத்தத்தையும் சேவையகத்திலுள்ள ஒரு பிரதியிற் செய்தாற் போதும்; வலையமைப்பு வழியே தொடங்கும் முப்பது முனையங்களும் அதனைப் பெறும்.

குறை இல்லையோவெனின், உண்டு. சேவையகம் பழுதுற்றால் வகுப்பு முழுவதும் வாளாவிருக்க நேரிடும். வலையமைப்பு மந்தமாயின் யாவும் மந்தமாகும். அசையும் படங்களைத் தொகுத்தல் போன்ற பணிகளுக்கு இம்முறை ஏற்றதன்று. மாணவர்தம் ஆக்கங்கள் அனைத்தும் ஓரிடத்திலே சேர்வதால், அவற்றுக்கு வேறிடத்தில் ஒரு பிரதி வைத்தல் கட்டாயமாகும். ஆகவே, முப்பது பழைய கணினிகளுக்குச் செலவிடாத பணத்தின் ஒரு பகுதியை நல்லதொரு சேவையகத்துக்கும் உறுதியான வலையமைப்புக்கும் செலவிடல் வேண்டும்.

கட்டுரை எழுதுதல், கணக்குத் தாள் ஆக்கல், நிரல் பயிலல், இணையத்தில் நூல்களைத் தேடல் என்பனவே நம் மாணவர் கணினியிடம் பெரும்பாலும் வேண்டுவன. இவற்றுக்குப் புதுக் கணினி வேண்டுமென்று காத்திருக்கும் பாடசாலையில், ஒரு கணினியின் முன் நால்வர் அமர, ஒருவனே விசைகளைத் தொட, ஏனை மூவரும் பார்த்திருந்தே கல்வியை முடிக்கின்றனர். களஞ்சிய அறையைத் திறப்பதால் அம்மூவர்க்கும் இடம் கிடைக்குமாயின், அதைத் திறந்து பார்த்தல் நம் கடனன்றோ?