அடுத்த 'தார்' மலை ஏறுமா? எதிர்பார்ப்பில் கொங்கு ஜீப் பிரியர்கள்!

கோவை,

"ஏனுங்க, அடுத்த தார் எப்போ வருதுங்க?"

கோவை, பொள்ளாச்சி, மேட்டுப்பாளையம் பக்கம் ஜீப் பிரியர்கள் நாலு பேர் டீக்கடையில் கூடினால் பேச்சு கடைசியில் இதில்தான் வந்து நிற்கும். காரணம், 2025-ம் ஆண்டு ஆகஸ்டு 15-ந்தேதி மும்பையில் மகிந்திரா கம்பெனி காட்டிய 4 மாதிரி வண்டிகள். விஷன் எஸ், விஷன் டி, விஷன் எஸ்.எக்ஸ்.டி., விஷன் எக்ஸ் என்று அவற்றுக்கு பெயர். இதில் 'டி' என்ற வண்டிதான் ரசிகர்களின் தூக்கத்தை கெடுத்துவிட்டது. பெட்டி போன்ற உடம்பு, நிமிர்ந்த மூக்கு, புடைத்த சக்கர வளைவு என்று பார்த்த உடனே 'தார்' ஞாபகம் வருகிறது. கம்பெனி அதற்கு தார் என்று பெயர் வைத்து காட்டவில்லை. ரசிகர்களே வைத்துவிட்டார்கள்.

இந்த வரிசை வண்டிகள் 2027 முதல் உற்பத்திக்கு வரும் என்று அப்போது அறிவிக்கப்பட்டது. முகம் பழைய ஜீப் மாதிரி இருக்கிறது, சரி. அடியில் இருப்பதும் பழைய ஜீப் மாதிரியே இருக்குமா? இங்கேதான் சிக்கல். வாங்க நினைப்பவர்கள் இதை தெரிந்து கொள்வது நல்லது.

போர்க்களத்தில் பிறந்த வண்டி

ஜீப் கதை 1940-ல் தொடங்குகிறது. இரண்டாம் உலகப்போர் நேரம். சின்னதாக, லேசாக, எங்கும் போகிற ஒரு வண்டி வேண்டும், 49 நாளில் மாதிரி காட்ட வேண்டும் என்று அமெரிக்க ராணுவம் கம்பெனிகளிடம் கேட்டது. பாண்டம் என்ற சிறிய கம்பெனி முதலில் செய்து கொடுத்தது. வடிவமைத்தவர் கார்ல் பிராப்ஸ்ட். பிறகு வில்லீஸ், போர்டு கம்பெனிகளும் களத்தில் இறங்கின. போர் முடிவதற்குள் 6 லட்சத்துக்கும் மேற்பட்ட ஜீப்புகள் தயாராகிவிட்டன.

போர் முடிந்ததும் அதே வண்டியை விவசாயிகளுக்கும் பொதுமக்களுக்கும் விற்றார்கள். அந்த வில்லீஸ் ஜீப்பைத்தான் மகிந்திரா 1940-களின் கடைசியில் பாகங்களாக இறக்குமதி செய்து மும்பையில் பூட்ட ஆரம்பித்தது. பின்னர் முழுசாக இங்கேயே தயாரித்தது. டீசல் என்ஜின் வந்தது. எம்.எம்.540 போன்ற மாடல்கள் வந்தன. நம்ம ஊர் எஸ்டேட்டுகளில் ஓடிய ஜீப்புகள் இந்த குடும்பத்தை சேர்ந்தவைதான்.

2010-ல் 'தார்' என்ற பெயரில் அந்த உருவம் மறுபடி வந்தது. 2020 அக்டோபர் 2-ந்தேதி முற்றிலும் புதிய தார். 2024 ஆகஸ்டு 15-ந்தேதி 5 கதவு கொண்ட 'தார் ராக்ஸ்'. ராக்ஸ் வண்டிக்கு புக்கிங் திறந்த முதல் 60 நிமிடத்தில் 1 லட்சத்து 76 ஆயிரத்து 218 பேர் பணம் கட்டினார்கள். எண்ணெய் கொதிக்கிற சட்டியில் பஜ்ஜி போட்ட மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்!

அந்த முகத்தின் மதிப்பு என்ன என்பதற்கு இன்னொரு கதை. அமெரிக்காவில் மகிந்திரா 'ராக்சர்' என்ற வண்டியை விற்றது. அசல் ஜீப் பெயருக்கு சொந்தக்காரரான பியட் கிறைஸ்லர் கம்பெனி, "இது எங்கள் ஜீப்பின் தோற்றம்" என்று 2018-ல் புகார் கொடுத்தது. 2020-ல் தீர்ப்பு மகிந்திராவுக்கு எதிராக வந்தது. முகத்தை மாற்றித்தான் ராக்சரை விற்க முடிந்தது.

கொங்கு நாட்டுக்கு ஏன் ஜீப்?

மேற்கே வால்பாறை ரோட்டில் 40 கொண்டை ஊசி வளைவு. வடக்கே திம்பத்தில் 27. நாமக்கல் பக்கம் கொல்லிமலையில் 70. இதெல்லாம் தார் ரோடு, எந்த காரும் போகும். ரோட்டை விட்டு எஸ்டேட்டுக்குள் இறங்கினால்தான் சேறும், உருண்டைக்கல்லும், செங்குத்து ஏற்றமும் வரும். சமவெளியிலும் தோட்டத்துக்கு போகிற இட்டேரி மழைக்காலத்தில் எப்படி இருக்கும் என்று சொல்லவே வேண்டாம். நடுவில் ஒரு பள்ளம் ஓடினால் முடிந்தது கதை.

தேர்தல் வந்தால் திறந்த ஜீப்புக்கு இருக்கிற கிராக்கி தனி. அது வேறு விஷயம்.

'லோ' கியர் என்ன செய்கிறது?

அசல் ஜீப்பில் கியர் பாக்சுக்கு பின்னால் 'டிரான்ஸ்பர் கேஸ்' என்று இன்னொரு சின்ன பெட்டி இருக்கும். என்ஜின் சக்தியை முன் ஆக்சிலுக்கும் பின் ஆக்சிலுக்கும் பிரித்து கொடுப்பது அதன் வேலை. அதில் 'லோ' போட்டால் வேகம் குறையும், இழுவை கூடும். தாரில் இது சுமார் இரண்டரை மடங்கு. முதல் கியரில் வண்டி நடக்கிற வேகத்தில் ஊர்ந்து போகும். கிளட்ச்சை கருக்காமல் கல்லின் மேல் ஏறலாம். இறங்கும்போது பிரேக்கை மிதித்து சறுக்காமல் என்ஜினே வண்டியை பிடித்துக்கொள்ளும். மலையில் ஏற்றத்தைவிட இறக்கம்தான் ஆபத்து என்பது ஜீப் டிரைவர்களுக்கு தெரியும்.

அடுத்தது 'லாக்'. மெக்கானிக்குகள் கிரவுன் என்று சொல்கிற டிபரன்சியல், எந்த சக்கரம் லேசாக சுற்றுகிறதோ அதை சும்மா சுற்ற விட்டுவிடும். ஒரு சக்கரம் சேற்றில், அடுத்தது கெட்டி மண்ணில் என்றால் சேற்றில் இருப்பது மட்டும் சுற்றும். வண்டி நகராது. லாக் விழுந்தால் இரண்டு சக்கரமும் சேர்ந்து சுற்றும், வண்டி வெளியே வரும். போர்ஸ் கம்பெனியின் 'குர்கா' வண்டியில் முன்னும் பின்னும் லாக் உண்டு.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 2023 ஜனவரியில் இருந்து தாரில் பின் சக்கரம் மட்டும் இழுக்கிற மாடலும் விற்கிறது. ராக்சிலும் அப்படி உண்டு, பெட்ரோல் ராக்ஸ் என்றாலே அப்படித்தான். வெளியே பார்த்தால் வித்தியாசம் தெரியாது. சிங்காநல்லூர் சிக்னலில் நிற்க இது போதும். எஸ்டேட்டுக்கு போதாது.

ஏணியா, முட்டை ஓடா?

இப்போது விஷன் வண்டிகளுக்கு வருவோம். பழைய ஜீப், தார், ராக்ஸ், குர்கா எல்லாமே ஏணி போன்ற சேஸ் மேல் பாடியை தனியாக உட்கார வைத்தவை. குழியில் விழுந்து எழுந்தாலும் அடி வாங்குவது சேஸ். லாரிக்கும் இதே முறைதான். விஷன் வரிசைக்கு மகிந்திரா சொல்லியிருப்பது 'நு ஐ.க்யூ.' என்ற புதிய அடித்தளம். இதில் சேஸ் தனி, பாடி தனி என்று கிடையாது. முட்டை ஓடு போல முழு உடம்பும் ஒன்றாக சுமை தாங்கும். மோனோகாக் என்பார்கள். எடை குறையும், ரோட்டில் சுகமாக இருக்கும், மைலேஜ் கிடைக்கும். முன் சக்கர இழுவை, நாலு சக்கர இழுவை இரண்டுக்கும் இடம் உண்டு என்று கம்பெனி கூறியது.

பழைய ஜீப் ஆட்கள் முகம் சுளிப்பது இதற்காகத்தான். ஆனால் அவசரப்பட்டு தீர்ப்பு சொல்லிவிட முடியாது. இங்கிலாந்தின் லேண்ட் ரோவர் டிபெண்டர் கதையை பாருங்கள். பழைய டிபெண்டர் 2016 ஜனவரியில் நின்றது. 2019-ல் புதியது வந்தபோது ஏணி சேஸ் போய் மோனோகாக் வந்திருந்தது. ரசிகர்கள் கொதித்தார்கள். ஜிம் ராட்கிளிப் என்ற தொழிலதிபர் பழைய முறையிலேயே 'கிரனேடியர்' என்று ஒரு வண்டியை செய்தே காட்டினார். ஆனால் புதிய டிபெண்டரில் லோ கியரை விடவில்லை, லாக்கையும் விடவில்லை. அதனால் மலை ஏறியது. ஆக, மோனோகாக் என்பது மட்டும் குற்றம் அல்ல. லோ கியர் இல்லாத நாலு சக்கர இழுவை வந்தால்தான் கவலை.

நீளமும் ஒரு விஷயம். மூன்று கதவு தாரில் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடைவெளி 2,450 மில்லி மீட்டர். ராக்சில் 2,850. இடைவெளி கூடினால் மேட்டின் உச்சியில் வண்டி வயிறு தட்டும். வயிறு தட்டாமல் தாண்டும் கோணம் தாரில் 27 டிகிரி, ராக்சில் 23.9. குடும்பத்தோடு போக ராக்ஸ் வசதி, வரப்பு தாண்ட குட்டை தார் வசதி.

பர்ஸ் என்ன சொல்கிறது?

2025 செப்டம்பர் 22-ந்தேதி ஜி.எஸ்.டி. மாறியது. 4 மீட்டருக்குள் நீளம், டீசல் என்றால் 1,500 சி.சி.க்குள், பெட்ரோல் என்றால் 1,200 சி.சி.க்குள் இருந்தால் 18 சதவீதம். மீறினால் 40 சதவீதம். சின்ன டீசல் என்ஜின் போட்ட 2 வீல் தார் 18-ல் வருகிறது. பெரிய என்ஜின் 4 வீல் தார் 40-ல். மாருதி ஜிம்னி 4 மீட்டருக்குள் இருந்தும் பெட்ரோல் என்ஜின் 1,500 சி.சி. என்பதால் அதுவும் 40-ல் மாட்டியது. 'நு ஐ.க்யூ.' வண்டிகளின் நீளம் 3,990 மில்லி மீட்டரில் தொடங்கும் என்று அறிவித்ததன் ரகசியம் புரிகிறதா? 4 மீட்டருக்கு சரியாக 10 மில்லி மீட்டர் குறைவு!

இதற்கு மேல் தமிழ்நாடு சாலை வரி. 2023 நவம்பரில் உயர்த்தியபடி ரூ.5 லட்சம் முதல் ரூ.10 லட்சம் வரை உள்ள காருக்கு 13 சதவீதம், ரூ.10 லட்சம் முதல் ரூ.20 லட்சம் வரை 18 சதவீதம், அதற்கு மேல் 20 சதவீதம். 2024-ல் ராக்ஸ் 4 வீல் டிரைவ் ஆரம்ப விலை ரூ.18 லட்சத்து 79 ஆயிரம். அந்த கணக்கில் சாலை வரி மட்டும் சுமார் ரூ.3 லட்சத்து 38 ஆயிரம். ஒரு நல்ல பழைய கார் விலை.

காத்திருக்க முடியாதவர்களுக்கு ஜிம்னி இருக்கிறது. போலீசும் ராணுவமும் ஓட்டிய ஜிப்சியின் வாரிசு அது. எல்லா மாடலிலும் லோ கியர் உண்டு. என்ஜின் சக்தி கொஞ்சம் குறைவு, பின் சீட்டு இடுக்கு.

எங்கே ஓட்டுவது?

வண்டி வந்துவிட்டால் உடனே காட்டுக்குள் விடலாம் என்று நினைக்க வேண்டாம். ஆனைமலை, சத்தியமங்கலம் இரண்டும் புலிகள் காப்பகம். ரிசர்வ் பாரஸ்டுக்குள் அனுமதி இல்லாமல் வண்டி நுழைந்தால் வனத்துறை வழக்கு போடும், வண்டியையும் பிடித்து வைக்கும். சொந்த தோட்டம், உரிமையாளர் அனுமதித்த எஸ்டேட், இவைதான் வழி.

பெரிய டயர், இரும்பு பம்பர் மாட்டுவதிலும் கவனம் தேவை. பதிவு புத்தகத்தில் உள்ள அமைப்பை இஷ்டத்துக்கு மாற்றக்கூடாது என்று சுப்ரீம் கோர்ட்டு 2019 ஜனவரியில் சொல்லிவிட்டது. முன்னால் மாட்டும் 'புல் பார்' கம்பிக்கு 2017 டிசம்பரிலேயே மத்திய அரசு தடை போட்டுவிட்டது.